கவரிங் கடையில் மாட்டிய காது

சிதம்பரம் மேல வீதியில் மணவாளன் கவரிங் நகைக்கடை வைத்திருந்தார். 2007 மார்ச் மாதம் அந்தக் கடைக்கு ஒரு திருடன் வந்தான். பின்பக்க ஜன்னல் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுக் கொக்கியை நீக்கி, உள்ளே இறங்கி, ஆரமும் அட்டிகையும் பூட்டி வைத்திருந்த மூன்று கழுத்துப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு போனான். நான்காம் நாள் அந்த மூன்று பொம்மைகளும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு மதகடியில், நகை ஒன்றுகூடக் கழற்றப்படாமல் கிடந்தன. ஒரே ஒரு ஆரத்தில் மட்டும் கல்லில் உரசிப் பார்த்த தடம் இருந்தது.

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மணவாளனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் சரக்க தங்கம்னு நம்பி ஒருத்தன் உசிரக் குடுத்துத் தூக்கிட்டுப் போயிருக்கான்யா. இத விட எனக்கு என்னா சர்ட்டிபிகேட் வேணும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதே வேகத்தில் கடையின் முன்பக்கத்தை இடித்துவிட்டு, தரையிலிருந்து மேல்மட்டம் வரை கண்ணாடி போட்டார். கண்ணாடி போட்ட பிறகுதான் பயம் வந்தது. அலாரம் வேண்டும் என்று கடலூருக்குப் போன் செய்தார்.

அந்த அலாரத்தை மாட்ட வந்தவன்தான் ராபர்ட்.

ராபர்ட்டுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வீடு கடலூர் முதுநகரில். அப்பா லூர்துசாமிக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. அக்கா ஜெயராணி பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அச்சகத்தில் நோட்டுகளுக்குத் தையல் போடப் போனாள். ராபர்ட் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்தான். 2004 முதல் அவன் பொன்னுரங்கம் என்பவரின் இன்வெர்ட்டர் கடையில் வேலை பார்த்தான். வேலை என்றால், வீடு வீடாகப் போய் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது. மூன்று வருஷம் அதே வேலை. அவனுடைய எல்லாச் சட்டைகளிலும் ஆசிட் பட்டுப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருக்கும். ஜெயராணி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசைக்குப் போய் வந்த கையோடு அவற்றை இழை தெரியாமல் தைத்து வைப்பாள்.

பொன்னுரங்கம் சென்னையிலிருந்து அலாரப் பெட்டிகள் வரவழைத்தபோது, அவற்றோடு வந்த ஆங்கில விளக்கப் புத்தகத்தை யாரும் தொடவில்லை. ராபர்ட் அதை வீட்டுக்கு எடுத்துப் போனான். அகராதியை வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் படித்தான். அவன் சொல்லச் சொல்ல அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதினாள். இருபதாம் நாள் அவன் பொன்னுரங்கத்திடம் போய், "அண்ணே, இது எனக்குப் புரிஞ்சிடுச்சி. நான் மாட்டறன்" என்றான்.

"மாட்டறது பெரிசில்லடா. மாட்டிட்டு நான் மாட்டிக்கக் கூடாது" என்றார் பொன்னுரங்கம். "சிதம்பரத்துல மாட்டு. ஒழுங்கா இருந்துச்சின்னா அந்த வீதியிலயே இன்னும் எட்டு கடைக்காரங்க கேட்டிருக்காங்க, சிதம்பரம் பக்கம் பூரா ஒங்கிட்ட உட்டுடறன். சும்மா சும்மா அடிச்சி மானத்த வாங்குச்சி, நீ பேட்டரி தண்ணிக்கே போயிடு. சரியா?"

"சரிண்ணே."

ஜூன் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு பத்து பேருந்தில் ராபர்ட் கிளம்பினான். அன்று பேதுரு பவுல் திருநாள் என்று பங்குக் காலண்டரைப் பார்த்துச் சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள் அக்கா. மணவாளனோ ராகு காலம் முடியாமல் சுவரில் ஆணியடிக்க விடமாட்டேன் என்றுவிட்டார். பன்னிரண்டு மணிக்குமேல்தான் வேலை தொடங்கியது.

"இது எப்படிப்பா கண்டுபிடிக்கும்? கேமராவா?" என்று கேட்டார் மணவாளன்.

"இல்ல மொதலாளி. இது காது. பாக்காது, கேக்கும்." உள்ளங்கை அளவு இருந்த வெள்ளைப் பெட்டியை ராபர்ட் நீட்டினான். "கண்ணாடிய ஒடைக்கும்போது ரெண்டு சத்தம் வரும். மொதல்ல அடி விழுற சத்தம், தொம்முனு. ஒடனே கண்ணாடி செதர்ற சத்தம், சலீர்னு. ரெண்டும் அடுத்தடுத்து வந்தாதான் இது சைரனுக்குச் சொல்லும். தொம்மு மட்டும் வந்தா லாரி போவுதுன்னு உட்டுடும். சலீர் மட்டும் வந்தா சாவிக்கொத்து உழுந்துச்சின்னு உட்டுடும்."

"அப்ப நம்மூட்டுக்காரிய விட அறிவு ஜாஸ்தி" என்றார் மணவாளன். "அவளுக்குக் கரண்டி உழுந்தாலே திருடந்தான்."

முன்கண்ணாடிக்கு ஒரு காது, பின்ஜன்னலுக்கு ஒரு காது. சைரன் வாசல் பலகைக்குமேல். கடையில் ஏ.சி. கிடையாது, கண்ணாடிக்குமேல் காற்றுக்காக ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார்கள். கடை மூடும்போது பெட்டியில் சாவியைத் திருப்பி, கண்ணாடிக் கதவைப் பூட்டி, வெளியே இரும்பு மடக்கு கேட்டை இழுத்துவிட வேண்டும். அரை நிமிடத்தில் காதுகள் விழித்துக்கொள்ளும். முன்காதுக்கும் வாசல் படிக்கும் நடுவே பதினேழு அடி என்று டேப் பிடித்து நோட்டில் எழுதினான் ராபர்ட்.

பக்கத்துக் கடை எவர்சில்வர் பாத்திரக்கடை. கொளஞ்சி என்ற நாற்பது வயதுப் பெண் அதை நடத்தினாள். கைகளில் முழங்கைவரை பலம். பெரிய அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டே வாடிக்கையாளரோடு சண்டை போடுவாள். மத்தியானம் ராபர்ட் சாப்பிடாமல் ஏணியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு டிபன் கேரியரின் இரண்டு அடுக்கைக் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"எறங்கி வா தம்பி. சாப்புட்டு மாட்டு. பசியில மாட்டுன காது செவிடாப் போயிடும்."

அன்று சாயங்காலம் மணவாளன் ஆசைப்பட்டாரென்று பழைய ஜன்னலின் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றி, படியில் வைத்து ராபர்ட் சுத்தியலால் அடித்துக் காட்டினான். சைரன் அலறியது. மேல வீதியே திரும்பிப் பார்த்தது. மணவாளன் பூரித்துப் போனார்.

பதினைந்து நாள் சத்தமில்லை. ஜூலை 14, சனிக்கிழமை, இரவு எட்டரை மணிக்கு, மணவாளன் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன அரை மணி நேரத்தில், சைரன் அலறியது. அவர் டி.வி.எஸ். 50-இல் லுங்கியோடு ஓடிவந்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. கீறல்கூட இல்லை.

மறுநாள் ராபர்ட் வந்து பார்த்தான். பெட்டியில் முன்காதின் விளக்குதான் எரிந்திருந்தது. ஒயர் சரி, பேட்டரி சரி. அவனுடைய சந்தேகம் நேராகப் பாத்திரக்கடைமேல் போனது.

"அக்கா, நேத்து எட்டரைக்கு ஒங்க கடையில எதனா உழுந்துச்சா?"

கொளஞ்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பாத்திரம் உழுந்தா கோயில் மணி மாரி இருக்கும். ஒடஞ்ச கண்ணாடி மாரியா இருக்கும்? வா, வந்து கேளு."

அவளே ஒரு குடத்தைத் தரையில் போட்டாள். அப்புறம் ஆறு தட்டு. அப்புறம் ஒரு அடுக்கு டம்ளர். கடைசியில் சந்தோஷமாகிவிட்டது அவளுக்கு; இட்லிப் பானையையும் தூக்கிப் போட்டாள். மணவாளன் கடைக் காது அசையவே இல்லை. "பாத்தியா? என் கடை சரக்கு மேல பழி போடாத" என்று நெளிந்துபோன குடத்தைக் கையாலேயே நிமிர்த்தினாள்.

ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு நாற்பது. மறுபடியும் சைரன். மறுபடியும் கண்ணாடி முழுசு. இந்தத் தடவை மணவாளன் ஓடிவந்தபோது சோற்றுக் கை காயவில்லை. வீதியில் எவனோ, "கவரிங் அலாரம்யா! அதுவும் டூப்ளிகேட்டு!" என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். திருடன் வந்தபோது சிரித்த சிரிப்பு வேறு. இந்தச் சிரிப்பு மணவாளனைக் குத்திவிட்டது.

மறுநாள் ராபர்ட்டிடம் அவர் விரல் நீட்டிச் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு வாட்டி. சும்மா அடிச்சா நீயே வந்து கழட்டி எடுத்துட்டுப் போயிடணும். அந்த எட்டு கடைக்காரனும் எங்கிட்டதான் கேக்கறான், வாங்கலாமா வேணாமான்னு. நான் என்னான்னு சொல்றது?"

பொன்னுரங்கம் அதைவிடச் சுருக்கமாகப் பேசினார். "அடுத்த வாட்டி அடிச்சிதுன்னா, பேட்டரி தண்ணி கேனு அங்க மூலையில இருக்கு, பாத்துக்க."

ராபர்ட்டுக்கு அந்த நான்கு வாரமும் சாப்பாடு இறங்கவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் நின்று, தொம் இருக்கிறதா, சலீர் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தான். வீட்டில் அம்மா தாளிப்புக் கரண்டியைச் சட்டியில் போட்டால்கூடத் தலையைச் சாய்த்தான். "புள்ளைக்கு காத்து கருப்பு அடிச்சிடுச்சா?" என்று அம்மா ஜெயராணியைக் கேட்டாள்.

ஜெயராணி பங்குக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். "ஜூலை 14, ஆகஸ்ட் 12. நடுவுல இருபத்தொம்பது நாளு. ரெண்டும் ராத்திரி எட்டரை சுமாருக்கு. சும்மா அடிக்கலடா இது. ஏதோ கணக்குல அடிக்குது."

"சம்பளத் தேதி மாரி மாசத்துக்கு ஒரு நாளா?"

"அப்படித்தான் வெச்சிக்க. அடுத்தது செப்டம்பர் பத்து. நீ போயி எதிர்க்க உக்காந்து பாரு."

செப்டம்பர் 10, திங்கட்கிழமை. ராபர்ட் வேலை முடித்து சிதம்பரம் போய், மணவாளன் கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து டீ குடித்தான். ஒன்பது மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்து அக்காவிடம் சலித்துக்கொண்டான். "ஒன் கணக்கும் நீயும்."

"ஒரு நாள் முன்ன பின்ன இருக்கும்டா. மாசமே முப்பதும் முப்பத்தொண்ணுமாத்தான இருக்குது?" அவள் விடவில்லை. "நாளைக்கும் போ. நாளைக்கு இல்லன்னா நான் வாயத் தொறக்கல."

செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. அதே பெஞ்சு. எட்டு மணிக்கு மணவாளன் சாவியைத் திருப்பி, கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு வண்டியில் போனார். வீதியில் ஒவ்வொரு கடையாக மூடிக்கொண்டிருந்தது. தூரத்தில் இரண்டு மூன்று இடங்களில் கற்பூர வெளிச்சம் தெரிந்தது. எட்டு முப்பத்து நான்குக்குக் கொளஞ்சி தன் கடைக் கதவை இறக்கிப் பூட்டினாள். கையில் ஒரு பெரிய வெள்ளைப் பூசணிக்காய். மேலே கற்பூரம் எரிந்தது.

அவள் கடைக்கு முன்னால் நிற்க இடமில்லை. ஜூன் கடைசியில் சாக்கடைக்கென்று தோண்டிய பள்ளம் இன்னும் மூடப்படாமல் கிடந்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு பத்து அடி எடுத்து வைத்து, மணவாளன் கடை வாசலுக்கு வந்தாள். தன் கடையைப் பார்த்துத் திரும்பி நின்று, பூசணிக்காயை மூன்று சுற்றுச் சுற்றி, தலைக்குமேல் தூக்கி, மணவாளன் கடைக் கருங்கல் படியில் ஓங்கிப் போட்டாள்.

தொம்.

திருஷ்டிப் பூசணிக்காயில் முக்கோணமாக ஒரு துளை வெட்டி, குங்குமமும் சில்லறையும் போட்டு மூடுவது வழக்கம். கொளஞ்சி தாராளக் கைக்காரி. இரண்டு கை நிறையப் போட்டிருந்தாள். அத்தனை காசும் தெறித்து, படியிலும் இரும்பு கேட்டிலும் அடித்துச் சிதறின.

சலீர்.

சைரன் அலறியது. கொளஞ்சி விடுவிடுவென்று தன் கடைப் பக்கம் போய், அப்போதுதான் சத்தம் கேட்டவள்போல "ஐயையோ, என்னாச்சி?" என்றாள். குங்குமக் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

ராபர்ட்டின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அமாவாசை! அவன் வீட்டில் தொங்கியது பங்குக் காலண்டர். அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் இருந்தார், அமாவாசை இல்லை. ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போன கூட்டத்தில் அவன் ஏறிய பேருந்தே மாட்டி நின்றது. அதைப் பார்த்தும் அவனுக்கு உறைக்கவில்லை. மற்ற கடைக்காரர்களும் அந்த நேரத்தில் அவரவர் பூசணிக்காயில் கவனமாக இருந்ததால், யாரும் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? ஒருவர் திருஷ்டி கழித்ததை இன்னொருவர் கடை வாசலில் உடைப்பது லேசான விஷயமில்லை. சோறு போட்ட அக்காவை வீதியில் நிறுத்தி வைத்து, "இவுங்கதான்" என்று கை காட்ட அவனுக்கு மனம் வரவில்லை. கூட்டத்துக்கு நடுவே கொளஞ்சி அவனைப் பார்த்தாள். அவன் அங்கே உட்கார்ந்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் வெளிறிவிட்டது.

மணவாளன் வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டு வந்தார். சைரனை நிறுத்தினார். "வந்துட்டியா? நல்லதாப் போச்சி. கழட்டு."

"மொதலாளி, அலாரம் தப்பா அடிக்கல. யாரோ இங்க பூசணிக்கா ஒடச்சிருக்காங்க. அதுல உள்ள காசு..."

"பூசணிக்காயா?" மணவாளன் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டுக்குங்கய்யா! கண்ணாடிக்குப் பதிலா பூசணிக்காயக் காவ காக்குற அலாரமாம்!"

கூட்டம் சிரித்தது. "அப்ப காய்கறி மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போப்பா" என்றார் டீக்கடைக்காரர்.

ராபர்ட்டின் காது மடல் சிவந்துவிட்டது. "நான் ஒடச்சிக் காட்டறன். அடிக்கலன்னா நானே கழட்டிடறன்."

வீதி முனையில் பூசணிக்காய் விற்கும் சாமிக்கண்ணு கடைசி மூன்று காயோடு உட்கார்ந்திருந்தார். மூன்றையும் தூக்கிக்கொண்டு அவரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். மணவாளன் சாவியைத் திருப்பி, கேட்டை இழுத்தார். அரை நிமிடம் எல்லாரும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

ராபர்ட் முதல் காயில் துளை போட்டு, டீக்கடைக்காரர் கொடுத்த சில்லறையைப் போட்டு, இடுப்பு உயரத்திலிருந்து படியில் போட்டான். காய் இரண்டாகப் பிளந்தது. காசு சதையிலேயே ஒட்டிக்கொண்டது. சைரன் வாய் திறக்கவில்லை.

"புள்ள தூங்குற வீட்டுல கூட இதவிட சத்தம் வரும்" என்றார் ஒருவர்.

இரண்டாவது காயைத் தலைக்குமேல் தூக்கினான். பிடிக்கத் தெரியவில்லை, கைநழுவிப் பின்னால் விழுந்து, சாமிக்கண்ணுவின் காலருகே உருண்டது. எடுத்து மறுபடி போட்டான். துளை மேல்பக்கம் இருந்ததால் காசு உள்ளேயே தங்கிவிட்டது. சைரன் அசையவில்லை. இப்போது கூட்டம் விசில் அடித்தது.

மணவாளனுக்கே பாவமாகிவிட்டது. குரலைத் தணித்துச் சொன்னார்: "போதும் தம்பி. கழட்டிடு. ஒங்க மொதலாளிகிட்ட நான் ஒண்ணும் தப்பாச் சொல்ல மாட்டன்."

ராபர்ட் டீக்கடை பெஞ்சைக் கொண்டுவந்து வாசலில் போட்டான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஏறினான். சைரன் பெட்டியின் முதல் திருகு கழன்று கைக்கு வந்தது. இரண்டாவது திருகில் டிரைவரை வைத்தான்.

"எறங்கு கீழ."

கொளஞ்சியின் குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க வேணாம்..."

"எறங்குடான்னா. பூசணிக்காயா ஒடைக்கிற நீ? ஏதோ கைப்புள்ளயத் தொட்டில்ல போடற மாரி போடற. பாத்துக்கினு இருக்க முடியல." மூன்றாவது காயைச் சாமிக்கண்ணுவின் கையிலிருந்து பிடுங்கினாள். துளையை வெட்டினாள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து அதிலிருந்த சில்லறையை அப்படியே உள்ளே கவிழ்த்தாள். "மூடின பக்கம் கீழ பாக்கணும். படியோட வெளிம்புல போடணும். மனசுல பயம் இருக்கக்கூடாது. தள்ளுங்கய்யா!"

கூட்டம் நாலடி பின்வாங்கியது. கொளஞ்சி இரண்டு கைகளையும் தலைக்குமேல் கொண்டுபோய், ஒரு மூச்சு பிடித்து, போட்டாள்.

தொம். சலீர்.

ஒரு திருகு கழன்ற சைரன் பெட்டி ஆடிக்கொண்டே அலறியது. அதைவிடச் சத்தமாகக் கூட்டம் கத்தியது. சாமிக்கண்ணு துண்டைச் சுழற்றினார். ராபர்ட் பெஞ்சின்மேல் நின்றபடியே சிரித்தான். சிரிப்பில் கண் கலங்கிவிட்டது.

மணவாளன் மட்டும் சிரிக்கவில்லை. சைரனை நிறுத்திவிட்டு, படியைப் பார்த்தார், கொளஞ்சியைப் பார்த்தார். "ஏன் கொளஞ்சி, அளந்து வெச்ச மாரி மொத போட்டுலயே எங்கடை படி வெளிம்புல எப்படிப் போட்ட?"

"மூணு அமாவாசையா போட்டுப் பழக்கம் மாமா" என்றாள் கொளஞ்சி.

யாருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

"என் வாசல்லயா? ஒங்கடை கண்ணெல்லாம் என் வாசல்லயா கொட்டுற?"

"எங்கடை முன்னாடி பள்ளம் வெட்டிப் போட்டிருக்கு. பள்ளத்துக்குள்ளயா ஒடைக்கிறது?" அவள் பின்வாங்கவில்லை. "அதுவுமில்லாம, நீங்க கண்ணாடி போட்டு பளபளன்னு வெச்ச நாளா ஊரு கண்ணு பூரா ஒங்க கடை மேலதான் இருக்குது. என் கடைய எவன் பாக்கறான்? ஒங்களுக்கோ பூசணிக்கா ஒடைக்கிற பழக்கம் கெடையாது. சரி, நம்மோடதோட சேந்து மாமாவோடதும் கழியட்டும்னுதான் போட்டன். காசு எங்காசு. நீங்க நன்றி சொல்லணும்."

மணவாளன் தன் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். ஊர்க் கண்ணெல்லாம் தன் கடைமேல் என்பது அவருக்கு உள்ளுக்குள் இனித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. "வாயி, வாயி. இந்த வாய்க்குத்தான் ஒரு அலாரம் வெக்கணும்" என்றார். அப்புறம் அவராலும் அடக்க முடியவில்லை. சிரித்தார்.

"தம்பி, ஏன் நீ மொதல்லயே இவதான்னு சொல்லல? பெஞ்சில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

ராபர்ட் தலையைச் சொறிந்தான். கொளஞ்சி முந்திக்கொண்டாள். "எங்கூட்டுச் சோறு சாப்புட்ட புள்ள. அது எப்படிச் சொல்லும்?"

மணவாளன் சைரன் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். "அந்தத் திருக மாட்டிட்டு எறங்கு" என்றார்.

அடுத்த வாரம் ராபர்ட் வந்து, முன்காதைக் காற்று இடைவெளியிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி மாட்டி, உணர்வு அளவையும் ஒரு படி குறைத்தான். சாக்குக் கண்ணாடியை அடித்தும் பார்த்தான், கொளஞ்சியைக் கூப்பிட்டுப் பூசணிக்காய் போடச் சொல்லியும் பார்த்தான். கண்ணாடிக்கு அலறியது, பூசணிக்காய்க்குப் பேசாமல் இருந்தது. கொளஞ்சிக்குத்தான் ஏமாற்றம்.

அந்த எட்டுக் கடைக்காரர்களும் அலாரம் வாங்கினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் கடையிலும் பூசணிக்காய்ப் பரீட்சை நடத்தாமல் வாங்கமாட்டோம் என்றார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் ராபர்ட் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலிருந்து காய்களைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றினான். நடத்துனர் லக்கேஜ் போட்டார். நன்றாக உடைக்கவும் கற்றுக்கொண்டான். பரீட்சைக் காயில் குங்குமம் கிடையாது, அதனால் வீணாக்க வேண்டாம் என்று துண்டுகளைக் கழுவி வீட்டுக்கு எடுத்து வந்தான். இரண்டு மாதம் லூர்துசாமி வீட்டில் பூசணிக்காய்க் கூட்டு, பூசணிக்காய்ச் சாம்பார், பூசணிக்காய் மோர்க்குழம்பு.

"அடுத்த வாட்டி பலாப்பழத்துக்கு அடிக்கற அலாரமா பாத்து மாட்டுடா" என்றார் லூர்துசாமி.

பேட்டரித் தண்ணீர்க் கேனைப் பொன்னுரங்கம் வேறு ஆளிடம் கொடுத்தார். அலாரம் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க ராபர்ட் தமிழில் ஒரு தாள் தயாரித்தான். ஜெயராணி அதைத் தன் அச்சகத்திலேயே நின்று, எழுத்துப்பிழை பார்த்து அடித்துக் கொடுத்தாள். முதல் வரி: "அமாவாசை அன்று முதலில் பூசணிக்காய், பிறகு சாவி."

2009-இல் பொன்னுரங்கம் சிதம்பரத்தில் ஒரு கிளை திறந்து, அதை ராபர்ட்டிடம் விட்டார். 2012 வரை கடலூரிலிருந்து சிதம்பரம்வரை நூற்று முப்பத்தாறு கடைகளிலும் வீடுகளிலும் அவன் காது மாட்டினான். அவற்றில் நிஜமாகத் திருடன் வந்தது இரண்டே இடத்தில்தான். இரண்டு இடத்திலும் கண்ணாடி உடைந்த அடுத்த நொடி சைரன் அலற, வந்தவன் எதையும் தொடாமல் ஓடினான். குறிஞ்சிப்பாடியில் ஓடியவன் ஒரு ஜோடி செருப்பையும் விட்டுவிட்டுப் போனான்.

கிளை திறந்த நாளில் அக்காவும் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மணவாளன் ஒரு கழுத்துப் பொம்மையில் ஆரம் பூட்டி, கண்ணாடி அலமாரியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். கொளஞ்சி ஒரு குத்துவிளக்கும், கூடவே ஒரு பூசணிக்காயும் கொண்டுவந்தாள்.

"எங்க ஆளுங்க ஒடைக்க மாட்டாங்க அக்கா" என்றான் ராபர்ட் தயங்கி.

"உன்ன யாரு ஒடைக்கச் சொன்னா?" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள் கொளஞ்சி. "அலாரத்த மட்டும் நிறுத்தி வை. வாசல்ல நான் பாத்துக்கறன்."